ஊர்ப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வேண்டும் என்று எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. பணம் இல்லை என்பதுதான் காரணம் என்று நினைத்துவிடுகிறோம். பல ஊர்களில் பணம் வருவதற்கு முன்பே வேலை கெட்டுப்போயிருக்கும்.

எத்தனை அறை என்பதிலேயே சிக்கல் தொடங்கும். ஐந்து வகுப்பு இருக்கிறது, ஐந்து அறை கொடுங்கள் என்று எழுதுகிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுப்பை எண்ணுவதில்லை. ஆசிரியருக்கு ஓர் அறையாவது இருக்க வேண்டும் என்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர், 91 முதல் 120 வரை 4 ஆசிரியர் என்பது அதன் அட்டவணை. 40 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஐந்து அறை கேட்டால், அந்தக் கோரிக்கையைத் தள்ளிவைக்க அதிகாரிக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். வேனில் ஏறி டவுனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களில் சிலரைத் திரும்பக் கூட்டி வருவதும் கட்டடம் வாங்கும் வேலையின் ஒரு பகுதிதான்.

அதே சட்டம் தலைமையாசிரியர் அறை, சமையலறை, குடிநீர், ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, சுற்றுச்சுவர், தடையில்லாத நுழைவு வசதி, விளையாட்டுத் திடல் எல்லாவற்றையும் சொல்கிறது. மனுவில் வகுப்பறையை மட்டும் எழுதினால் மதிப்பீட்டில் அது மட்டும்தான் வரும். கழிப்பறைக்கு மறுபடியும் அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது யு-டைஸ் பதிவு, அதாவது பள்ளி விவரங்களைத் திரட்டும் அரசின் தகவல் தொகுப்பு. ஒவ்வொரு பள்ளியும் மாணவர் எண்ணிக்கை, அறைகளின் நிலை, கழிப்பறை, சுற்றுச்சுவர் விவரங்களை ஆண்டுதோறும் இதில் ஏற்றுகிறது. ஓட்டுக்கூரை ஒழுகும் அறை அங்கே ‘நல்ல நிலை’ என்று இருந்தால், ஊரே திரண்டு போய் நின்றாலும் கோப்பு பேசுவது வேறாக இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குப் பேர் பெற்றோர். பதிவேற்றும் முன் அந்தப் படிவத்தைக் காட்டச் சொல்லி வாசித்துப் பார்க்கலாம். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் சட்டப்படி இந்தக் குழுவின் பொறுப்பு. கூட்டப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்திக்கொள்வது பெரிய இழப்பு.

நிலத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். யாரோ தாத்தா காலத்தில் வாய்வார்த்தையாகக் கொடுத்த இடத்தில் பள்ளி நடக்கும். தானப் பத்திரம் இருக்காது. ஒப்பந்ததாரர் வானம் தோண்ட வரும் நாளில் பேரன்கள் வந்து நிற்பார்கள். ஏரி, குளம், ஓடைப் புறம்போக்கு காலியாகத்தானே கிடக்கிறது என்று அங்கே கட்டச் சொல்வது இன்னும் மோசம். நீர்நிலை நிலத்தை வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது என்பதில் நீதிமன்றங்கள் கண்டிப்பாக இருக்கின்றன. மனு எழுதும் முன் வி.ஏ.ஓ.விடம் நிலம் யார் பெயரில், என்ன வகையில் இருக்கிறது என்று சொல்லும் அ-பதிவேடு, அதன் எல்லையைக் காட்டும் புலப்படம் இரண்டையும் பார்த்து, தேவைப்பட்டால் அளந்து கல் நட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் அந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதையும் பொறியாளருக்குச் சொல்ல வேண்டும். கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும்; மாதிரி வரைபடத்தில் உள்ள சாதாரண அஸ்திவாரம் அதற்குப் போதாது.

பழைய கட்டடத்தை இடிப்பதில் நடக்கும் தவறு பிள்ளைகளைத்தான் நேராகத் தாக்குகிறது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் மாநிலம் முழுக்கப் பழுதான கட்டடங்களை இடிக்க உத்தரவு வந்தது. இடித்தது சரி. ஆனால் மாற்று ஏற்பாடு இல்லாத ஊர்களில் வகுப்பு சமுதாயக் கூடத்துக்கும் மரத்தடிக்கும் போனது. இடிப்புத் தீர்மானம் போடும்போதே தற்காலிக இடம் எது, அங்கே கழிப்பறை உண்டா, சத்துணவு எங்கே சமைப்பது என்று அதே தீர்மானத்தில் எழுதி வாங்குங்கள். 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. தற்காலிகம்தானே என்று கூரைக் கொட்டகைக்குள் பிள்ளைகளை உட்காரவைக்க யாரும் சம்மதிக்கக் கூடாது.

சரி, பணம். ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருப்பது தவறு. பள்ளிக் கல்விக்காக ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் வரும் சமக்ர சிக்‌ஷா நிதியில், 2024-25-க்கான ஒன்றியப் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாய் ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்திடாத பிரச்சினையால் தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது. அதற்கு வெளியே, ஐந்தாண்டுகளில் 18,000 வகுப்பறைகள் என்று மாநில அரசு 2022-இல் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் திட்டம், எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதி, மக்கள் பங்களிப்போடு நடக்கும் நமக்கு நாமே திட்டம் என்று வழிகள் உண்டு. வகுப்பறைக்கு ஒன்று, சுற்றுச்சுவருக்கு வேறொன்று என்று பிரித்துக் கேட்கலாம். ஆனால் ஒரே வேலையை இரண்டு திட்டத்தில் எழுதிவிட்டால் இரண்டுமே நின்றுபோகும். கிராம சபைத் தீர்மானத்தில் எந்த வேலைக்கு எந்த நிதி என்று தெளிவாக இருக்கட்டும்.

நிர்வாக அனுமதி வந்ததும் வேலை முடிந்ததாக ஊர் ஓய்ந்துவிடுகிறது. அப்புறம்தான் தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை எல்லாம். இதில் மாதங்கள் ஓடினால் சிமென்ட், கம்பி விலை மதிப்பீட்டைத் தாண்டிவிடும். ஒப்பந்தம் எடுக்க ஆள் வராது. மாதம் ஒருமுறை ஒன்றிய அலுவலகத்தில் கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்க இரண்டு பேரை நியமித்துக்கொள்ளுங்கள். கட்டும்போது மதிப்பீட்டு நகல் ஒன்று குழுவின் கையில் இருக்க வேண்டும். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டு நனைக்கிறார்களா என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தாலே தெரியும். ஒப்பந்ததாரருக்கான இறுதிப் பில்லுக்கு முன் மின் இணைப்பு, கழிப்பறைக்குத் தண்ணீர், சாய்தளம் மூன்றும் வந்துவிட்டனவா என்று போய்ப் பார்த்து, விடுபட்டதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரில் எழுத்தில் கொடுங்கள்.