கத்தரிக்கு நடுவே கோரை: களையெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்தடி இடம். நாலு கத்தரி, ஆறு மிளகாய், ஓரமாகத் தக்காளி. மழை பெய்து ஒரு வாரம் போனால் செடி எது, களை எது என்று தெரியாத அளவுக்குப் பச்சை மூடிவிடும். ஏக்கர் கணக்கில் பயிர் செய்பவருக்கு இரண்டு செடி போனால் தெரியாது. இங்கே ஒரு கத்தரி பட்டுப்போனாலே கத்தரி விளைச்சலில் கால்வாசி போச்சு. அதனால் களையை ஒழிப்பதைவிட செடியைக் காப்பதே முதல் வேலை. நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவைதான்.

முதல் தவறு, என்ன களை என்று பார்க்காமல் கைக்கு வந்ததைப் பிடுங்குவது. அம்மான் பச்சரிசி, குப்பைமேனி எல்லாம் விதையில் முளைப்பவை. பூ விடுவதற்கு முன் வேரோடு எடுத்தால் அந்தச் செடியின் கதை முடிந்தது. கோரை அப்படியில்லை. தாளைப் பிடித்து இழுத்தால் அது மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஈர மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள்: சுண்டைக்காய் அளவில் கறுத்த கிழங்குகள், மெல்லிய கம்பி போன்ற தண்டால் ஒன்றோடொன்று கோர்த்திருக்கும். கோர்வை அறாமல் இருக்கும்வரை அவற்றில் பல உறங்கிக் கிடக்கும். மண்வெட்டியால் கொத்தி அறுத்துவிட்டால் உறங்கியவையும் தனித்தனியாக முளைக்கும். கொத்தக் கொத்தக் கோரை கூடுவது இதனால்தான்.

கிழங்குகளில் பெரும்பகுதி மேல்மண்ணில் 15 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். தண்ணீர் விட்டு மண் இளகியதும், களைக்கொத்தைச் சாய்வாக இறக்கி நெம்பி, கோர்வையோடு மெதுவாக உருவ வேண்டும். ஆனால் கத்தரி, மிளகாயின் சல்லிவேர்கள் பரவியிருப்பதும் அதே மேல்மண்ணில்தான். எனவே செடியின் தூரை ஒட்டி ஒரு சாண் தூரத்துக்குத் தோண்டவே கூடாது. அங்கே முளைக்கும் கோரையைக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டுங்கள். வாரம் ஒருமுறை விடாமல் வெட்டினால் கிழங்கில் இருக்கும் சத்து கரைந்துகொண்டே வரும். நடுவில் ஒரு மாதம் விட்டுவிட்டால் பழையபடி புதுக்கிழங்கு கட்டிவிடும். கோரைக்கு நிழல் ஆகாது என்பதால், காலியான இடத்தில் தட்டைப்பயறு விதைத்து மண்ணை மூடிவிடுவதும் நன்றாக உதவும்.

பொறுமை போனால் பலர் களைக்கொல்லியைத் தேடுகிறார்கள். இந்த அளவு இடத்துக்கு அது வேண்டவே வேண்டாம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்குக் களை, பயிர் என்ற பேதம் கிடையாது. காற்றில் தெறித்த துளி தக்காளி இலையில் பட்டால்கூட உள்ளே இறங்கிவிடும். பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் தவிர வேறு யாரும் இதைத் தெளிக்கக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு உத்தரவே போட்டது. 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி அகன்ற இலைச் செடிகளைத் தாக்குவது. கத்தரி, மிளகாய், தக்காளி எல்லாமே அகன்ற இலைதான். அப்புறம் தெளிப்பானையும் கவனியுங்கள். களைக்கொல்லி அடித்த தெளிப்பானை இரவல் வாங்கி வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால், அதில் ஒட்டியிருக்கும் மிச்சமே தக்காளிக் கொழுந்தைச் சுருட்டிவிடும்.

உப்பும் வினிகரும் கலந்து ஊற்றும் யோசனை வீடியோக்களில் நிறைய சுற்றுகிறது. வினிகர் இலையைக் கருக்கும், கோரைக் கிழங்கை ஒன்றும் செய்யாது. உப்பு மண்ணிலேயே தங்கிச் செடி வேரைக் கெடுக்கும். போர் தண்ணீரே உப்பாக இருக்கும் ஊர்களில் இதைச் செய்வது மண்ணுக்குப் பெரிய கேடு.

மூடாக்கு நல்ல வழி. காய்ந்த இலையோ கரும்புச் சோகையோ இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்பினால், விதையில் முளைக்கும் களைகளுக்கு வெளிச்சம் கிடைக்காது. அதைத் தண்டோடு ஒட்டிக் குவித்தால் ஈரம் தங்கித் தூர் அழுகும். நாலு விரல் இடைவெளி விடுங்கள். கோரை மட்டும் மூடாக்கையும் குத்திக்கொண்டு வரும், பிளாஸ்டிக் தாளைக்கூடத் துளைக்கும். அதற்குக் கத்தரிக்கோல்தான்.

களையை நாமே கொண்டுவந்து கொட்டுவதும் நடக்கிறது. சரியாக மக்காத சாணத்திலும் ஆட்டெருவிலும் உயிருள்ள விதை நிறைய இருக்கும். பிடுங்கிய கோரையை உரக்குழியில் போட்டால் அங்கேயும் முளைக்கும். கிழங்கை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே போட வேண்டும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன், கையுறை போட்டுப் பிடுங்குங்கள். சிலருக்கு அது பட்டால் தோல் தடித்துவிடும்.

எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும் என்றும் இல்லை. பாத்தி ஓரத்தில் பருப்புக்கீரையோ மூக்கிரட்டையோ தலைகாட்டினால், அடையாளம் உறுதியாகத் தெரிந்தவர்கள் விட்டுவைத்து, இளசாகக் கிள்ளிப் பாசிப்பருப்போடு கடைந்து சாப்பிடலாம்.