ஒரு அடி இரண்டாகக் கேட்ட கதை

காரைக்குடியில் நண்பன் வீட்டுப் பழைய சாப்பாட்டு ஹாலில்தான் எங்கள் ஒத்திகை. இரண்டு கிடார், கீபோர்டு, டிரம்ஸ். முதல் மாதம் ஒரு பாட்டும் சேரவில்லை. "மாப்ளே, நீதான் தாளத்த விடுற" என்று சண்டை வேறு.

ஒருநாள் தனியாக நின்று கை தட்டினேன். சத்தம் சுவருக்குச் சுவர் ஓடியது. கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் கண்ணாடி போல வழவழத்த சுண்ணாம்புச் சுவர். ஒலியை உறிஞ்ச எதுவுமே இல்லை. எதிரொலியில் டிரம்ஸின் ஒரு அடி இரண்டாகக் கேட்டதால்தான் தாளம் தவறியது. பாவம், டிரம்ஸ்காரனைத் திட்டியது தப்பு.

ஆச்சியிடம் கேட்டு, பரணிலிருந்த கல்யாண ஜமுக்காளங்களை இறக்கினோம். டிரம்ஸுக்கு அடியில் இரண்டு. மூன்றைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொடியில் தொங்கவிட்டோம். அந்த இடைவெளி இருந்தால்தான் துணி ஒலியை நன்றாக வாங்கும். அப்புறம் ஆம்ப்ளிஃபயரை நாற்காலியில் ஏற்றிக் காது உயரத்துக்குக் கொண்டுவந்து சத்தத்தைக் குறைத்தோம். அன்று சாயங்காலம் ஒரு பாட்டு முழுதாக முடிந்தது. ஆச்சி தூணோரம் உட்கார்ந்து கடைசி வரை கேட்டார்கள்.