டெலஸ்கோப்பிக் ஏணி: ஏறிக் குதித்துப் பார்ப்பது சோதனை ஆகாது

டெலஸ்கோப்பிக் ஏணி என்றால் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களை நீட்டி, ஒவ்வொரு படியிலும் லாக் போட்டு நிறுத்தும் ஏணி. புதுசாக ஒன்று வந்து இறங்கியதும் பலர் செய்வது ஒன்றுதான். முழுசாக நீட்டிச் சுவரில் சாய்த்து, இரண்டாம் படியில் ஏறி நாலு குதி குதிப்பார்கள். உடையவில்லை என்றால் ‘நல்ல ஸ்ட்ராங்’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். இரண்டாம் படியில் குதித்தால், அதற்குக் கீழே இருக்கும் லாக்குகளுக்கு மட்டும்தான் பாரம் போகும். மேலே இருக்கும் பத்துப் பதினொரு லாக்குகள் எப்படி இருக்கின்றன என்று அந்தக் குதி சொல்லவே சொல்லாது.

3.8 மீட்டர் ஏணியை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக 13 படிகள், 12 இணைப்புகள். ஒவ்வொரு இணைப்பிலும் படியின் இரு முனையிலும் ஸ்பிரிங் தள்ளும் ஒரு லாக் பின் இருக்கும். மேல் குழாயில் உள்ள துளைக்குள் அது போய் உட்கார வேண்டும். ஆக மொத்தம் 24 லாக் பின்கள். மேலே நிற்பவரின் எடை, அவர் காலுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு ஜோடி வழியாகவும் இறங்கித்தான் தரையைச் சேர்கிறது. ஒரு பக்கப் பின் மாட்டாமல் இருந்தால் அந்த இடத்தின் முழு பாரமும் மறுபக்கப் பின்னுக்குப் போகும், ஏணி முறுக்கிக்கொள்ளும். அதுவும் நழுவினால் மேல்பகுதி அப்படியே ஒரு படி அளவு, ஏறத்தாழ 30 செ.மீ, கீழே விழும். விழுந்து 1 செ.மீ-க்குள் அது நின்றுவிட்டால், கீழே இருக்கும் லாக்குகள் வாங்கும் சராசரி அடி, நிற்பவரின் எடையைப் போல 31 மடங்கு. ஒன்று விட்டால் அடுத்தடுத்ததும் விட்டு ஏணி மொத்தமாக இறங்குவது இதனால்தான்.

குதித்துப் பார்ப்பதிலும் இதே கணக்குதான் வேலை செய்கிறது. 5 செ.மீ உயரத்திலிருந்து குதித்து 1 செ.மீ-க்குள் நின்றால் 6 மடங்கு. 80 கிலோ ஆள் குதித்தால் 480 கிலோ. ஏணி அன்று தாங்கியிருக்கலாம். ஆனால் துளை கொஞ்சம் முட்டை வடிவமாகி இருக்கலாம், குழாய்கள் சேரும் இடத்தில் உள்ள பிளாஸ்டிக் வளையத்தில் (காலர்) மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் ஏற்றுவது இப்படி இல்லை. ஐரோப்பிய ஏணித் தரத்தில், ஒரு படியின் நடுவில் 100 மி.மீ அகலத்துக்கு 2600 நியூட்டன், அதாவது சுமார் 265 கிலோ பாரத்தை ஒரு நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, படி எவ்வளவு நிரந்தரமாக வளைந்திருக்கிறது என்று அளப்பார்கள். படியின் உள் அகலத்தில் 0.5 சதவீதத்துக்கு மேல் போனால் ஃபெயில். அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பான ஓஷாவின் கட்டுமான விதி, பெரும்பாலான கையேணிகள் குறித்த பாரத்தைப் போல 4 மடங்கு தாங்க வேண்டும் என்கிறது. ஏணியை 75½ பாகை சாய்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த அளவு பாரத்தை ஏற்றிப் பார்த்த ஏணியை வேலைக்கு எடுப்பது நல்லதல்ல. அதையே வீட்டில் செய்துவிட்டு ஏறக் கூடாது.

வீட்டிலோ சைட்டிலோ பார்க்க வேண்டியது லாக்கைத்தான். ‘கிளிக்’ என்று சத்தம் வந்தால் போதும் என்று நினைப்பது அடுத்த பெரிய தவறு. இரண்டு பின்னும் ஒரே நேரத்தில் விழும், ஒன்று விழுந்த சத்தம் மற்றதை மறைத்துவிடும். கெட்டியான தரையில் ஏணியை நிமிர்த்தி, அடிப்படியில் ஒரு காலை வைத்து, கையேட்டில் சொன்ன வரிசையில் ஒவ்வொரு பகுதியாக நீட்டுங்கள். ஒவ்வொன்றையும் நீட்டியதும் லாக்கை விடுவிக்கும் இரண்டு பக்கப் பட்டனும் ஒரே இடத்தில் நிற்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். சில மாடல்களில் பச்சை, சிவப்பு அடையாளம் உண்டு. பிறகு பட்டனைத் தொடாமல், மேல் படியின் இடது முனையைக் கீழே அழுத்துங்கள், அடுத்து வலது முனையை. எதுவும் இறங்கக் கூடாது. கடைசியாக, சுருக்கும்போது பட்டனை உள்ளே தள்ளி விடுங்கள். துள்ளித் திரும்ப வேண்டும். ஊர்ந்து திரும்பினால் உள்ளே சிமென்ட் தூசியோ பெயின்ட்டோ போயிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். ஒவ்வொரு முறை ஏறுவதற்கு முன்னும் செய்யுங்கள். சுருக்கும்போது கட்டைவிரல் பட்டனில் மட்டும் இருக்கட்டும். இரண்டு படிக்கு நடுவே குழாயைப் பிடித்திருந்தால் விரல் நசுங்கும்.

தூசி போனால் எண்ணெய் விடுகிறார்கள். எண்ணெயில் இன்னும் தூசி ஒட்டும், படியும் வழுக்கும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டாலே பல ஏணிகள் சரியாகிவிடும்.

லேபிளையும் சரியாகப் படிப்பதில்லை. ‘150 கிலோ’ என்றால் ஆள், டிரில், பை, கையில் தூக்கும் சாமான் எல்லாம் சேர்த்து. ஐரோப்பிய ஏணித் தரத்தின் எண்ணான ‘ஈ.என். 131’ என்று பொதுவாக இருந்தால் போதாது. டெலஸ்கோப்பிக் ஏணிக்கென்று இருக்கும் பாகம் 131-6. தயாரித்தவர் பெயர், மாடல், தயாரித்த மாதம், வருடம் இல்லாத ஏணியை நம்பாதீர்கள். பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சி.இ. முத்திரை, சாதாரண ஏணிக்கு ஐரோப்பாவில் கிடையவே கிடையாது. அதைப் பெரிதாக அச்சடித்து விற்றால் சந்தேகப்படுங்கள். 3 மீட்டருக்கு மேல் நீளும் ஏணியில் அடி அகலமாக இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு குறுக்குப் பட்டை கூடவே வரும். அதை மாட்டாமல் மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

ஏணி நல்லதாக இருந்தும் சாய்வு தவறினால் எல்லாம் வீண். நாலுக்கு ஒன்று என்பது கணக்கு: 3.8 மீட்டர் நீளத்துக்கு நீட்டிச் சாய்த்தால் அடி சுவரிலிருந்து சுமார் 95 செ.மீ தள்ளி இருக்க வேண்டும். அது 75 பாகையை ஒட்டி வரும். அடியை இழுத்து 60 பாகையாக்கினால் குழாயை வளைக்கும் பாரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். இந்த ஏணியில் மெல்லிய குழாய்கள் மேலேதான் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். சரிவு அதிகமானால் டைல்ஸ் தரையில் ரப்பர் புஷ்ஷும் வழுக்கும். அலுமினியம் என்பதால் மின்கம்பி பக்கம் கொண்டே போகக் கூடாது. இரண்டு மேசைக்கு நடுவே பலகை போலப் படுக்கவைத்து ஏறவும் கூடாது.

காலர் விரிந்தது, குழாய் நெளிந்தது, துளை தேய்ந்தது, மேலிருந்து ஒரு தடவை நன்றாக விழுந்தது: இவற்றில் எது நடந்திருந்தாலும் அந்த ஏணி முடிந்தது. லாக் இருக்கும் இடத்தில் போல்ட் முடுக்குவது, வெல்டிங் வைப்பது எல்லாம் வேண்டாம். பழைய இரும்புக் கடைக்குப் போடும்போது பக்கக் குழாய்களை ரம்பத்தால் அறுத்துப் போடுங்கள். முழுசாகப் போட்டால் அதை வாங்கி இன்னொருவர் ஏறுவார்.