இன்றைக்கு ஓடினால் போதாது

2011-இல் தடுப்புக் காவலில் இருந்து வெளியே வந்தபோது என்னிடம் இருந்தவை இரண்டு கைகளும் ஒரு கெட்ட பழக்கமும். இயக்கத்தின் வாகனப் பணிமனையில் ஏழு வருடம் நின்றவன் நான். விடிவதற்குள் வண்டி ஓடுமா என்பதுதான் அங்கே கேள்வி. சைக்கிள் ரியூப்பைக் கிழித்துக் குழாயில் சுற்றிக் கம்பியால் இறுக்குவோம், ஓடும். அதே கையோடு யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் ஓர் ஐயாவின் மெஸி பேர்கசன் உழவு இயந்திரத்தைத் தொட்டேன். டீசல் குழாயில் வெடிப்பு. ரியூப் சுற்றி அனுப்பிவிட்டேன். புரட்டாசி மழை விழுந்து ஊரே உழுதபோது அது வயல் நடுவில் நின்றுவிட்டது. ஐயா திட்டவில்லை. “தம்பி, உனக்கு இன்றைக்கு ஓடினால் காணும். எனக்கு விதைப்பு முடியுமட்டும் ஓட வேண்டும்” என்றார்.

என்னைப் போல வந்து டீசல் வேலையில் இறங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கை வேலை உங்களுக்குத் தெரியும். மறக்க வேண்டியவைதான் அதிகம்.

வண்டி வந்தவுடன் ஸ்பனரை எடுக்காதீர்கள். ஓட்டுகிறவரோடு ஐந்து நிமிடம் கதையுங்கள், பிறகு புகையைப் பாருங்கள். கறுப்பென்றால் காற்றுக் குறைவு, அல்லது டீசல் கூடுதல். முதலில் காற்று பில்ரரைத் திறவுங்கள், எங்கள் சுண்ணக்கல் தூசிக்கு அது சீக்கிரம் அடைத்துவிடும். நீலமென்றால் இன்ஜின் ஒயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளை நிற்காவிட்டால் எரியாத டீசலா, உள்ளே போன தண்ணீரா என்று மணந்து பாருங்கள்.

பழைய உழவு இயந்திரங்களில் பாதி வேலை டீசல் குழாய்களுக்குள் புகுந்த காற்றை எடுப்பதுதான். டீசல் தாங்கியை நிரப்புங்கள். பில்ரரின் மேலுள்ள காற்றுத் திருகாணியைத் தளர்த்தி, தாங்கியிலிருந்து டீசலை இழுக்கும் லிப்ற் பம்மின் கைப்பிடியை அடியுங்கள். முதலில் நுரை, பிறகு குமிழி, பிறகு தெளிந்த டீசல் வரும். வழிய வழியவே இறுக்குங்கள். டீசலை இன்ஜினுக்குள் அழுத்தி அனுப்பும் இன்ஜெக்சன் பம்மிலும் அப்படியே. கடைசியாக நொசில் குழாய்களின் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி ஸ்ராட்டர் அடித்தால் டீசலைத் துப்பும், இறுக்கிவிடலாம். கைப்பிடி தொளதொளவென்று ஆடினால் பம் பழுதென்று கழற்றிவிடாதீர்கள். உள்ளே பம்மை அசைக்கும் கேம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். இன்ஜினை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு அடியுங்கள். இது தெரியாமல் நல்ல பம்மைக் கழற்றிய ஆட்களில் நானும் ஒருவன்.

காற்று எடுத்தவுடன் இன்ஜின் உறுமும், உரிமையாளர் சிரிப்பார். அந்த இடத்தில்தான் பழைய பழக்கம் “முடிந்தது, அனுப்பு” என்று சொல்லும். காற்று எந்த வழியால் போனது? தாங்கிக்கும் லிப்ற் பம்முக்கும் இடையில் ஓட்டை இருந்தால் வெளியே ஒரு சொட்டும் கசியாமல் இருக்கலாம்; ஓடும்போது உள்ளே காற்றைக் குடிக்கும். ஐயாவின் இயந்திரத்தில் நடந்தது அதுதான். ஒரு கானில் டீசல் வைத்து, கண்ணாடி போலத் தெரியும் குழாயால் லிப்ற் பம்முக்கு நேரே கொடுங்கள். குமிழி வருவது நின்றால் குற்றம் தாங்கிப் பக்கத்தில். குழாயை மாற்றுங்கள், சுற்றாதீர்கள்.

புதிய கொமன் ரெயில் இன்ஜின்களில் இந்த நட்டுத் தளர்த்தும் வேலை வேண்டாம். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் நிற்கும் குழாய் அது. மண் தோண்டும் பெக்கோவின் ஹைட்ரோலிக் குழாயும் அப்படித்தான் கொல்லும். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், காட்போட் மட்டையைப் பிடியுங்கள். ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட இருக்காது. ஆனால் ஒயில் தோலுக்குள் போய்விட்டால் அது சத்திரசிகிச்சைக்குரிய காயம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தூக்கிய வாளிக்குக் கீழே போகும்முன் அது இறங்காமல் தடுக்கும் பூட்டுக்கட்டையைப் போடுங்கள். ஷெல்லுக்குத் தப்பியவர்கள் நாங்கள் என்ற எண்ணம் ஒன்று இருக்கிறதே, கராச்சில் அதைவிட ஆபத்தானது வேறில்லை.

மண்ணெண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவர்களுக்கு, பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் ஞாபகம் இருக்கும். அந்த நினைவில் டீசலோடும் கலக்கிறார்கள். ஓடும்தான். ஆனால் இன்ஜெக்சன் பம்முக்கு மசகு கொடுப்பது டீசலே. மண்ணெண்ணெய்க்கு அந்தப் பசை போதாது, பம் உள்ளே தேய்ந்துபோகும். 2022-இல் டீசல் வரிசையில் நின்று களைத்தவர்களிடமும் இதையே சொன்னேன். சிலர் கேட்டார்கள்.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் கேத்தில்களின் அடியில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு இன்ஜினுக்குள்ளும் படியும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ரும் ஊற்றுங்கள்.

கடதாசி விடயம்: பணிமனையில் நின்ற காலத்துக்கு எங்களிடம் சான்றிதழ் இல்லை. அதற்காக மறுபடி முதலாம் வகுப்பில் உட்காரத் தேவையில்லை. கற்றது எங்கே என்று பாராமல், இருக்கிற திறனைச் சோதித்து என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது, தொழிற்பயிற்சிக்கான அரச நிறுவனமான நைட்டாவில் விசாரியுங்கள். செய்த வேலைகளின் படங்களையும் குறிப்புகளையும் இன்றிலிருந்தே சேருங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016-இல் தொடங்கிய ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்துக்குப் பிள்ளைகளை அனுப்பலாம். எங்கள் வயதுக்கு முதல் வழிதான் சுகம்.

ஒரு கொப்பி வாங்குங்கள். வண்டி இலக்கம், மணித்தியால மீற்றர் எண், மாற்றிய பாகம், திகதி. வண்டியின் கையேடு 250 மணித்தியாலத்தில் ஒயில் மாற்றச் சொன்னால் 240-இல் நீங்களே தொலைபேசி எடுங்கள். லீசிங் கட்டுகிற பெக்கோக்காரருக்கு வண்டி படுத்த நாளெல்லாம் நட்டம். நினைவூட்டுகிறவரை விட்டுப் போகமாட்டார்.

கடன் கேட்பார்கள், ஊர் அப்படி. என் ஏற்பாடு இது: பாகங்களின் காசு முன்னதாக, கூலி நெல் வெட்டிய பிறகு. ஐயாவிடம் மட்டும் அந்த முதல் வேலைக்கு இன்னும் கூலி வாங்கவில்லை.