குழந்தை நிறத்தைப் பற்றிக் கேட்டால் வாயை அடைக்காதீர்கள்

அமெரிக்காவில் குழந்தை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் வீட்டில் இனவெறியைப் பற்றிப் பேசுவதே இல்லை. "நாம யாரையும் தாழ்வா நினைக்கிறதில்லை, அப்புறம் எதுக்குப் பிள்ளை மனசுல அதைப் போடணும்?" என்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நாம் போடாவிட்டாலும் அது தானாக விழுந்துவிடுகிறது.

1940களில் கெனத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, 3 முதல் 7 வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளிடம் சில பொம்மைகளைக் காட்டினார்கள். நிறத்தைத் தவிர அவற்றில் எந்த வித்தியாசமும் இல்லை. நல்ல பொம்மை எது என்றதும் பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. "சரி, உன்னை மாதிரி இருப்பது எது?" என்றபோது சில குழந்தைகள் அழுதேவிட்டன. அந்தப் பிஞ்சுகளுக்கு யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னபோது, தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது.

அதனால், செய்யக் கூடாத முதல் காரியம் குழந்தையை அடக்குவது. கடையில் பில் போட நிற்கிறோம். "அம்மா, அந்த அங்கிள் ஏன் இவ்ளோ கறுப்பா இருக்கார்?" என்று பிள்ளை உரக்கக் கேட்கிறது. அம்மாவுக்கு உயிரே போய்விடுகிறது. "ஷ்ஷ், அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று கையை இறுக்கிப் பிடிக்கிறாள். அந்தப் பிடியில் பிள்ளைக்குப் புரிவது ஒன்றுதான்: அவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஏதோ இருக்கிறது. அதற்குப் பதில், வேறெந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும் அதே குரலில் சொல்லுங்கள்: "நம்ம தோலுக்கு நிறம் குடுக்க மெலனின்னு ஒண்ணு இருக்கு. அவருக்கு அது நிறைய இருக்கு. உன் கையும் என் கையும்கூட ஒரே கலர் இல்ல, வச்சுப் பாரு." முன்பின் தெரியாதவரின் தோற்றத்தைப் பற்றி அவர் காதுபட உரக்கப் பேசக் கூடாது என்பதைக் காரில் ஏறிய பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்தது ஊரிலிருந்து வரும் வீடியோ கால். "ஏண்டி இப்படிக் கறுத்துப் போயிட்டே? வெயில்ல ஆடாதேன்னா கேக்கறியா?" பாட்டி பாசத்தில்தான் கேட்கிறார். கறுப்பு என்றால் குறை என்பதும் அந்தப் பாசத்தோடு சேர்ந்தே குழந்தைக்குள் போய்விடுகிறது. இது வீட்டுப் பேச்சு, வகுப்பில் பக்கத்தில் உட்காரும் கறுப்பினத் தோழிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. நம் வீட்டுப் பேச்சு இன்னும் மாறவில்லை. போனை வைத்த பிறகு மகளைச் சமாதானப்படுத்துவது போதாது. "அம்மா, அவ கலர் நல்லாத்தான் இருக்கு. நீச்சல் கத்துக்கிட்டா, அதைக் கேளு" என்று அவள் காதில் விழும்படி அப்போதே சொல்ல வேண்டும்.

வீடு தேடும்போது நடப்பது இன்னும் நுட்பமானது. "அந்த ஏரியா வேண்டாம், ஸ்கூல் ரேட்டிங் சரியில்ல" என்று முன்சீட்டில் பேசிக்கொள்கிறோம். பின்சீட்டில் இருக்கும் பிள்ளை ஜன்னல் வழியே அங்கே நடமாடுபவர்களைப் பார்க்கிறது. அதுவே ஒரு முடிவுக்கு வந்துவிடும். 1930களில் அரசு அமைப்பு ஒன்று நகர வரைபடங்களில் கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் குறித்து, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று வகைப்படுத்தியது. இப்படிப்பட்ட பகுதிகளில் வீட்டுக்கடன் கிடைப்பது அரிதானது, வீட்டு மதிப்பும் ஏறவில்லை. பள்ளிகளுக்கு வரும் பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்துவரி என்பதால் பள்ளிகளும் அடிவாங்கின. எங்கே வீடு வாங்குவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் அந்தத் தெரு ஏன் அப்படி இருக்கிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது, நம் உழைப்புக் கதையைச் சொல்லி மற்றவர்களை மட்டம் தட்டுவது. "நாங்க ரெண்டு சூட்கேஸோட வந்து முன்னேறினோம், அவங்களுக்கு என்ன கேடு?" உழைத்தது உண்மை. ஆனால் இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, குடியுரிமை பெற முடியாது என்று 1923இல் பகத் சிங் திந்த் என்ற இந்தியரின் வழக்கில் இதே உச்ச நீதிமன்றம்தான் சொன்னது. 1946இல் சட்டம் மாறியபோதும் ஆண்டுக்கு 100 இந்தியர்களுக்குத்தான் இடம். நமக்குக் கதவைத் திறந்தது 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். கறுப்பின மக்கள் அடிபட்டும் சிறைசென்றும் நடத்திய சிவில் உரிமைப் போராட்டத்தின் சூட்டில் பிறந்த சட்டம் அது. அந்தக் கதவும் டாக்டர், இன்ஜினியர் என்று படித்தவர்களைப் பொறுக்கித்தான் உள்ளே விட்டது. சூட்கேஸ் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதற்காகப் பிப்ரவரியில், கறுப்பர் வரலாற்று மாதத்தில் மட்டும், அடிமை முறையைப் பற்றி ஒரு புத்தகம் வாசித்து முடித்துக்கொள்வதும் சரியல்ல. கறுப்பினக் குழந்தைகள் மீன் பிடிக்கிற, தம்பியோடு சண்டை போடுகிற சாதாரணக் கதைகளும் வேண்டும். சாதியையும் ஒளிக்காதீர்கள், புதிதாக அறிமுகமானவரிடம் "ஊர்ல எந்தத் தெரு?" என்று நாம் நோட்டம் விடுவதையும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பள்ளியில் பிள்ளையின் டிபனைப் பார்த்து யாராவது மூக்கைப் பொத்தினால் "கண்டுக்காதே" என்று சொல்லி அனுப்பாதீர்கள். ஆசிரியருக்கு எழுதுங்கள். வேறொரு பிள்ளையை யாராவது கேலி செய்யும்போது என்ன செய்வது என்பதையும் வீட்டிலேயே பேசிப் பழக்குங்கள்: "அப்படிப் பேசாதே" என்று சொல்லிவிட்டு, கேலிக்கு ஆளான பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். பயமாக இருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்தாலே போதும்.