குவில்ட்டின் முதுகில் மடிப்பு விழுவது ஏன்?

குவில்ட் என்ற பஞ்சுவைத்துத் தைக்கும் போர்வைக்கு மேல்துணியை ஒட்டுப்போட்டுச் சேர்க்க மாதக்கணக்கில் பாடுபடுகிறவர்கள்கூட, மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்கி, நகராதபடி தற்காலிகமாக இணைக்கும் டாக்கா போடும் வேலையை மட்டும் அவசர அவசரமாக முடித்துவிடுவார்கள். கடைசியில் திருப்பிப் பார்த்தால் அடித்துணியில் கொசுவம் கொசுவமாக மடிப்பு. பழி மெஷின் மேல் போகும்.

பெரும்பாலும் தப்பு அடித்துணியை விரித்த விதத்தில்தான் இருக்கும். நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுகிறோம். தளர்வாக ஒட்டினால் மடிப்பு விழும், இது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பயந்து நாடாக் கட்டிலுக்கு நாடா இழுப்பதுபோல இழுத்து ஒட்டுவது அதைவிட மோசம். டேப்பைப் பிரித்ததும் அடித்துணி தன் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். மேலே இருக்கும் இரண்டும் அப்படியே இருக்கும், எனவே பொம்மிக்கொள்ளும். முதலில் எதிரெதிர் ஓரங்களின் நடுவில் ஒட்டுங்கள், மூலைகள் கடைசியில். மூலைவாட்டில் துணி ரொம்பவே இழுபடும். உள்ளங்கையால் தடவினால் துணி நகரக் கூடாது, இழையும் வளையக் கூடாது. புதிதாகப் பழகுகிறவர்கள் அடித்துணிக்குக் கட்டம் போட்ட துணியை எடுத்தால், கோடு வளைவது உடனே கண்ணில் படும்.

மூன்றையும் ஒரே அளவில் வெட்டாதீர்கள். தைக்கத் தைக்க அடுக்குகள் கொஞ்சம் நகரும். பஞ்சும் அடித்துணியும் நான்கு பக்கமும் 3 அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். இந்தப் பஞ்சுக்கு ஆங்கிலத்தில் பேட்டிங் என்று பெயர்; அப்படிக் கடையில் கேட்டால் கிரிக்கெட் மட்டை வந்துவிடலாம், 'குவில்ட் பஞ்சு' என்று கேட்பது உத்தமம். பாக்கெட்டிலிருந்து எடுத்ததும் ஓர் இரவு விரித்துப் போட்டால் மடிப்புத் தடம் போய்விடும்.

ஊக்கு குத்துவதில் கஞ்சத்தனம் கூடாது. துணியின் மேல் கையை எங்கே வைத்தாலும் அடியில் ஓர் ஊக்கு தட்டுப்பட வேண்டும், அதாவது 3 அல்லது 4 அங்குலத்துக்கு ஒன்று. நடுவிலிருந்து வெளியே போங்கள். எல்லாவற்றையும் குத்தியபின் கடைசியாகப் பூட்டுவது நல்லது; ஒவ்வொன்றாகப் பூட்டினால் துணி தூக்கிக்கொண்டு நகரும். அப்புறம், அதை அப்படியே மாதக்கணக்கில் பரணில் போட்டுவிடாதீர்கள். கடலோர ஈரக்காற்றில் ஊக்கு துருப்பிடித்து, கறை துணியில் தங்கிவிடும்.

வட்டச் சட்டத்தில் மாட்டிக் கையால் தைப்பதானால் ஊக்கு இடைஞ்சல், நூல் டாக்காதான் சரி. வெளிர்துணிக்குக் கறுப்பு நூல் வேண்டாம், பிரித்த பிறகும் துளித்துளியாகச் சாயம் நிற்கலாம். தரையில் குனிந்து தைக்கும்போது ஊசிமுனையை ஒரு டீஸ்பூன் விளிம்பால் தூக்கிவிட்டால் விரல் தப்பிக்கும்.

ஸ்பிரே பசை வேகமானது. ஆனால் சன்னலைத் திறந்து வையுங்கள்; பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது, பசை தீப்பிடிக்கும் சரக்கு. அதிகமாக அடித்தால் ஊசியில் பிசின் ஏறித் தையல் விட்டுவிட்டு விழும்.

நடுவிலிருந்து தொடங்கு என்ற விதி எல்லாருக்கும் பொருந்தாது. கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள், கவண்டி என்ற தங்கள் ஒட்டுத்துணிப் போர்வையைத் தைக்கும்போது ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். அவர்கள் ஒட்டுத்துணியை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே தைக்கிறார்கள். முழுசாகத் தைத்து முடித்த மேல்துணி அங்கே இல்லை, தள்ளிக்கொண்டு போய் மடிப்பாக்க எதுவும் இல்லை.