கேஎல் (கோலாலம்பூர்)-லேர்ந்து கென்யா சஃபாரி: வீகனா சாப்பிட்டு, மிருகங்கள தொந்தரவு பண்ணாம போய்ட்டு வர்றது எப்படி

சஃபாரி போலாம்னு முடிவு பண்ணதும் எல்லாரும் முதல்ல டிக்கெட் விலைதான் பார்ப்பாங்க. அதுக்கு முன்னாடி, காட்டுப்பக்கம் நீங்க தங்கப்போற கேம்புக்கு ஒரு மெயில் போடுங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடிதான் நம்ம கேள்விக்கு ஒழுங்கா பதில் வரும், கட்டினதுக்கப்புறம் "வாங்க பார்த்துக்கலாம்"னு முடிச்சிடுவாங்க. மெயில்ல ரெண்டு விஷயம் கேக்கணும்: எனக்கு என்ன சமைப்பீங்க, உங்க டிரைவர் மிருகங்ககிட்ட எப்படி நடந்துக்குவாரு. வீகன் ஆளுங்க, அதாவது இறைச்சி மட்டுமில்லாம பால், நெய், முட்டை, தேன்கூட தொடாதவங்க, நிறைய பேரு முதல் கேள்விய பக்கம் பக்கமா எழுதுறாங்க, ரெண்டாவத கேக்கறதே இல்ல. சாப்பாட்டுல ஒரு சொட்டு நெய் விழக்கூடாதுன்னு பார்க்கறோம், ஆனா ஒரு சீட்டாவ (சிவிங்கிப்புலி) பத்து வண்டி சுத்தி வளைச்சு நிக்கறப்ப அதுல ஒரு வண்டியில நாமளும் உக்காந்திருந்தா அது எப்படி சரியாகும்?

சாப்பாட்ட முதல்ல பார்த்துடலாம். கென்யாவுல குஜராத்தி, பஞ்சாபி குடும்பங்க நூறு வருஷத்துக்கு மேல இருக்காங்க, அதனால கேம்ப் சமையல்காரங்களுக்கு "இந்தியன் வெஜிடேரியன்"னா நல்லாவே தெரியும். சிக்கலே அங்கதான், அப்படி எழுதினீங்கன்னா பன்னீர், நெய் ஊத்தின பருப்பு, தயிர், வெண்ணெய் தடவுன ரொட்டின்னு அன்பா கொண்டு வந்து வைப்பாங்க. அதனால இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர், நெய், வெண்ணெய், பன்னீர், தேன் எதுவும் வேணாம்னு ஒவ்வொண்ணா எழுதுங்க. அதோட நீங்க எதெல்லாம் சாப்பிடுவீங்கன்னும் கட்டாயம் எழுதுங்க, சமையல்காரருக்கு வேண்டாத லிஸ்ட விட வேணும்ங்கற லிஸ்ட்தான் உதவும். மசாய் மாரா வனவிலங்குக் காப்பகம் மாதிரி இடத்துக்கு நிறைய சாமான் நைரோபிலேர்ந்து லாரில பல மணி நேரம் ஓடி வரணும், நீங்க இறங்கின அன்னிக்கு சோயா பால் கேட்டா அவங்க எங்க போவாங்க? மூணு நாலு வாரம் முன்னாடியே சொல்லிடுங்க, கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு ஞாபகப்படுத்தற மெயில் போடுங்க.

இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. கேம்ப்ல வேலை செய்யறவங்க என்ன சாப்பிடறாங்கன்னு கேட்டு அதையே கேளுங்க. உகாலிங்கற சோளமாவுக் களி, சுக்குமா விக்கி கீரை, சோளமும் பீன்ஸும் சேர்த்து வேக வெக்கற கித்தேரி, தேங்காப்பால் ஊத்தின பீன்ஸ், கச்சும்பரிங்கற தக்காளி வெங்காய சாலட், எல்லாமே பெரும்பாலும் செடியிலேர்ந்து வர்றதுதான், விருந்தாளிக்கு வைக்க கூச்சப்பட்டு அவங்களா எடுத்து வைக்க மாட்டாங்க, நாம கேட்டா முகமே மலர்ந்துடும். கீரையில இறைச்சி ஃப்ளேவர் மசாலாத்தூள் போட்டாங்களான்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. மண்டாசிங்கற எண்ணெயில பொரிச்ச பன்ல பால், முட்டை இருக்கலாம், சப்பாத்தியையும் கேட்டுட்டு சாப்பிடுங்க. தேத்தண்ணி அங்க பாலோட சேர்த்தே கொதிக்க வைப்பாங்க, "சாய் யா ராங்கி"ன்னு கேட்டா நம்ம ஊரு தே-ஓ மாதிரி பால் இல்லாத தேத்தண்ணி வரும். அங்க பேசற சுவாஹிலில பிலா மசீவான்னா பால் இல்லாம, பிலா மயாய்னா முட்டை இல்லாம, பிலா சாம்லின்னா நெய் இல்லாம. இந்த மூணையும் எழுதி போன்ல வெச்சுக்குங்க.

எல்லாரும் மறக்கறது பசியாற பெட்டிதான். விடியறதுக்கு முன்னாடி வண்டி கிளம்பிடும், காட்டுக்குள்ள எட்டு மணிக்கு பெட்டிய திறந்தா அவிச்ச முட்டை, சாசேஜ், கேக். முந்தின நாள் ராத்திரியே சமையல்காரர்கிட்ட நேரா பேசி சப்பாத்தி, அவகாடோ, வாழைப்பழம், கடலைன்னு சொல்லி வெச்சிடுங்க.

ஃப்ளைட்டுல, கேஎல்-லேர்ந்து தோஹா, துபாய் வழியா போறவங்க சாப்பாட்டு கோட் சரியா போடணும். நம்மாளுங்க இந்து மீல்னு பார்த்ததும் அமுக்கிடுவாங்க, அதுல இறைச்சி வரும். ஏவிஎம்எல் (ஏஷியன் வெஜிடேரியன் மீல்) போட்டா சைவம்தான், ஆனா பால், தயிர் இருக்கும். நமக்கு வேண்டியது விஜிஎம்எல், அதுதான் வீகன் சாப்பாட்டு கோட். அத கிளம்பறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியாவது பதிஞ்சிருக்கணும்.

நைரோபி வில்சன் ஏர்போர்ட்லேர்ந்து சின்ன விமானத்துல மாரா போறதா இருந்தா வழக்கமா ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் சக்கரம் வெச்ச கெட்டிப் பெட்டி ஆகாது, துணிப்பை மாதிரி மெத்துனு இருக்கணும். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப் பொடி, வறுத்த கடலை போதும், பழம், செடி, விதை எதுவும் எடுத்துட்டு போகாதீங்க. கென்யாவுல 2017லேர்ந்து பிளாஸ்டிக் பைக்கு தடை, 2020 ஜூன்லேர்ந்து தேசியப் பூங்காவுக்குள்ள ஒரு தடவை பயன்படுத்தி வீசற பிளாஸ்டிக் பாட்டிலும் கூடாது. டியூட்டி ஃப்ரீ பைய ஏர்போர்ட்லயே விட்டுடணும். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்குங்க.

ஊசி விஷயம். மஞ்சள் காய்ச்சல் இருக்கற நாட்டுக்கு போய்ட்டு மலேசியா திரும்பறவங்ககிட்ட சர்டிஃபிகேட் கேப்பாங்க, அந்த லிஸ்ட்ல கென்யாவும் இருக்கு. போறதுக்கு குறைஞ்சது 10 நாள் முன்னாடி போட்டிருக்கணும், ஒரு தடவை போட்டா வாழ்நாள் முழுக்க செல்லும். இந்தத் தடுப்பூசிய கோழி முட்டைக் கருவுலதான் வளர்க்கறாங்க, வீகன் ஆளுங்களுக்கு மனசு உறுத்தும்னு எனக்கும் தெரியும், ஆனா இதுக்கு மாற்று இல்ல, உயிர் காக்கற விஷயம், போட்டுக்குங்க. முட்டை அலர்ஜி இருந்தா கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லுங்க. மலேரியா மருந்தும் அதே கிளினிக்ல கேளுங்க, ஜெலட்டின் கேப்சூல் வேணாம்னு சொன்னா மாத்திரையா தர முடியுமான்னு பார்ப்பாங்க.

இப்ப ரெண்டாவது கேள்வி. மசாய் மாரா ரிசர்வுக்குள்ள ஒரு மிருகத்தச் சுத்தி ஒரே நேரத்துல 5 வண்டிக்கு மேல நிக்கக்கூடாது, பாதைய விட்டு புல்வெளியில இறங்கக்கூடாதுன்னு விதி இருக்கு. ஜூலைலேர்ந்து அக்டோபர் வரைக்கும் வில்டபீஸ்ட்ங்க (மாடு மாதிரி இருக்கற பெரிய மான் இனம்) கூட்டமா ஆத்தக் கடக்கற சீசன்ல கரையில வண்டி நிக்கற கூட்டத்த பார்த்தா விதி எங்க போச்சுன்னு தோணும். சீட்டாவுக்குத்தான் ரொம்ப அடி. அது பகல்ல வேட்டையாடற மிருகம், அதாவது நாம வண்டியில சுத்தற அதே நேரம். மாராவுல பண்ணின ஒரு ஆய்வு 2018ல வெளியாச்சு, டூரிஸ்ட் கூட்டம் அதிகமான பகுதியில ஒரு தாய் சீட்டா ஒரு ஈத்துக்கு சராசரியா 0.2 குட்டியத்தான் வளர்த்து ஆளாக்குது, கூட்டம் கம்மியான பகுதியில 2.3 குட்டி. இந்த ஒரு கணக்க மனசுல வெச்சுக்கிட்டு வண்டியில ஏறுங்க.

டிரைவர்ங்க கெட்டவங்க இல்ல. கிட்ட போனாத்தான் விருந்தாளி சந்தோஷப்படுவாரு, டிப்ஸ் தருவாருன்னு பழக்கிட்டது நம்மள மாதிரி ஆளுங்கதான். அதனால முதல் நாள் காலையில வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க: எங்களுக்கு "பிக் ஃபைவ்"னு சொல்ற சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை அஞ்சையும் பார்த்தே ஆகணும்னு இல்ல, ஏற்கனவே அஞ்சு வண்டி இருந்தா திரும்பிடலாம், வேட்டைக்கு குறுக்க போகாதீங்க, தூரமா நின்னு பைனாகுலர்ல பார்க்கறோம், உங்க டிப்ஸ் குறையாது. கடைசி வரி முக்கியம், அதச் சொன்னாத்தான் அவரு மனசு நிம்மதியா ஓட்டுவாரு.

கையில காசு கொஞ்சம் கூட இருந்தா ரிசர்வ சுத்தியிருக்கற கன்சர்வன்சிங்கற தனி வனவிலங்குப் பாதுகாப்பு நிலங்கள்ல தங்குங்க, நபோய்ஷோ, ஒலாரே மொத்தோரொகி, மாரா நார்த் மாதிரி. நிலம் அந்தப் பகுதியில மாடு மேய்க்கற மசாய் இனக் குடும்பங்களோடது, கேம்புங்க அவங்களுக்கு வாடகை கட்டுது, படுக்கை எண்ணிக்கைக்கும் வரம்பு இருக்கு, அதனால வண்டி கூட்டம் ரொம்பக் கம்மி. ரிசர்வ் நுழைவுக் கட்டணமே வெளிநாட்டுக்காரங்களுக்கு 2024லேர்ந்து ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் 200 டாலர், ரிங்கிட்ல போட்டுப் பார்த்துட்டு சீசன் இல்லாத ஜனவரி, பிப்ரவரிய யோசிங்க.

மசாய் கிராமத்துக்கு போனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க, மாடுதான் அவங்க சொத்து, பாலும் இறைச்சியும் அவங்க சாப்பாடு. அவங்க வாடகைக்கு விட்ட நிலத்துலதான் சிங்கம் நடமாடுது. பால் குடுத்தா நெஞ்சுல கை வெச்சு நன்றி சொல்லி மறுக்கலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, ஆனா அங்க உக்காந்து வீகன் பிரசங்கம் பண்ணாதீங்க.

சிங்கக்குட்டிய தூக்கி போட்டோ எடுக்கறது, சிங்கத்தோட வாக்கிங் போறது, யானை மேல சவாரி, இது எதுவும் வேணாம். தென்னாப்பிரிக்காவுல அப்படி வளர்க்கற சிங்கங்க சிலது கடைசியில வேட்டைக்காரங்களுக்கு விக்கப்பட்டிருக்கு. கென்யா 1977லயே வேட்டைக்கு தடை போட்ட நாடு, நான் கென்யாவச் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம். குட்டி யானை பார்க்க ஆசைன்னா நைரோபில ஷெல்ட்ரிக் டிரஸ்ட்டோட அனாதை யானைக் காப்பகம் இருக்கு, முன்கூட்டியே பதிஞ்சிட்டு காலையில போகலாம். காண்டாமிருக போட்டோ போட்டா இடம் காட்டற லொக்கேஷன ஆஃப் பண்ணிடுங்க, திருட்டு வேட்டைக்காரங்களும் பார்ப்பாங்க.

வாங்கறதுக்கு சைசல் நார்ல பின்ற கியோண்டோ கூடை நல்லது, கைப்பிடி தோலான்னு பார்த்து வாங்குங்க. எலும்பு மணியும் நிறைய விப்பாங்க, அத தவிர்த்துடுங்க.

கடைசியா டிப்ஸ். கைடுக்கு கையில குடுப்போம், மத்தவங்களுக்கு பொதுப்பெட்டி. உங்களுக்காக தினமும் தனியா சமைச்சவருக்கு பெட்டியிலேர்ந்து கொஞ்சம்தான் போகும், அதனால மேனேஜர்கிட்ட கேட்டுட்டு சமையலறைக்கே போய் அவர் கையில குடுங்க, என்னென்ன சாப்பாடு பிடிச்சதுன்னும் பேர் சொல்லிச் சொல்லுங்க, அடுத்த வீகன் வர்றப்ப அதையே சமைப்பாரு.